மாடியில் நாம் சண்டை போட்டதே இல்லை

அண்ணி,

உன் தம்பியின் வெள்ளைச் சட்டையை ஊறவைக்க எடுத்தேன். பையில் கையை விட்டால் நாலாக மடித்த ஒரு காகிதம். ஐம்பத்தாறு வயதில், என்னைக் கட்டிய இந்த மனுஷனுக்கும் யாரோ கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு நொடி சந்தோஷமாகவே இருந்தது. பத்திரிகைத் தமாஷுக்கு எழுத எனக்கு ஒரு விஷயம் கிடைக்குமே. பிரித்தால், நீ.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்த அட்டை. விபூதியும் வியர்வையுமாக ஒரு வாடை. ரேஷன் கடைக்காரனை முறைப்பது போல ஒரு படம், அதற்குக் கீழே 'துயரத்தில் பங்குகொள்வோர்' என்று பதினெட்டு பெயர்கள். உன் வீட்டுக்காரர், மகள், மருமகன், கொழுந்தன்மார், உன் தம்பி. உன் வீட்டு மாடியில் குடியிருப்பவரும் அவர் மனைவியும். இன்னும் பல்லே முளைக்காத உன் பேத்தி. பல் முளைக்காதவள் துயரத்தில் பங்குகொள்கிறாள். நான் கொள்ளவில்லை.

அட்டை வந்த அன்றைக்கே உன் தம்பியிடம் கேட்டேன். "எம் பேரு எங்க?"

"உங்க ரெண்டு பேத்துக்கும்தான் ஆவாதே. அட்டை அடிச்ச அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆவாதாம். எனக்கு வந்த கோபத்தில் அந்த டிவியைத் தூக்கிப் போட்டிருப்பேன். இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் விட்டேன். அவர் மேல் கோபம், உன் மகள் மேல் கோபம், அதையெல்லாம் கூட்டினாலும் உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி தேறாது. இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னால் உன்னை 'நீங்க, வாங்க' என்று விறைப்பாகப் பேசியே பழகிவிட்டேன். இந்தக் காகிதத்தில் அது கிடையாது. மாமல்லபுரத்து மாடியில் கூப்பிட்டது போல 'நீ' என்றே எழுதுகிறேன். எந்தப் பத்திரிகைக்கும் இதை அனுப்பப் போவதில்லை. பயப்படாதே.

ஆரம்பத்தில் நமக்குள் இருந்தது அசல் சண்டைதான், அதை மறுக்க மாட்டேன். என் பையனுக்குக் காது குத்தினபோது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னாது இது, சாம்பாரா? கை கழுவ வெச்ச தண்ணியோன்னு பாத்தேன்" என்று நீ சொன்னாய். மூன்று வரிசை சிரித்தது. எட்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. அந்த வருடம்தான் காணும் பொங்கலுக்கு ஒரு வேன் பிடித்து, இருபத்திரண்டு பேரும் புளிச்சோற்றுத் தூக்குகளோடு மாமல்லபுரம் போனோம்.

அன்றைக்கு அங்கே இருந்த கூட்டத்தில் பல்லவ ராஜாவே வந்திருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது போல நின்று படம் எடுத்துக்கொள்ள அத்தனை பேர். பாறைதான் பாவம், பொறுமையாக நின்றது. சிப்பி மாலைக்காரன், கண்ணாடிக்காரன், மாங்காய்க்காரி, குழந்தையைத் தொலைத்தவர்கள் என்று தெரு நிரம்பி வழிந்தது. அந்த நெரிசலில் நம் கூட்டம் சிதறியது. தேடினவளாட்டம் தேடிக்கொண்டு கடலுக்குப் போகிற சந்தில் திரும்பினேன். எதிரே நீ. நீயும் தேடினவளாட்டம்தான் நின்றாய்.

பக்கத்தில் ஒரு மாடி ஓட்டல். நீ படியைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஏறிவிட்டோம்.

மேலே கீற்றுக் கூரை, மூங்கில் தட்டி, காற்று. கீழே மணல், படகுகள், அதற்கப்பால் கடல். வலது பக்கம் கழுத்தைத் திருப்பினால் கடற்கரைக் கோயிலின் உச்சி. பரிமாறுகிற பாய், கோவளத்துக்காரர், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நீ முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, திருட்டு நகை விற்பவள் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: "பாய், மீனு கீதா?"

தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்தேன். உன் வீட்டுக்காரர் யாரோ ஒரு சாமியாரிடம் மந்திரம் வாங்கிக்கொண்டு வந்து அச்சரப்பாக்கத்தில் உன் வீட்டையே சைவமாக்கி நாலு வருடம் ஆகியிருந்தது. முட்டை வாங்கிய பையைக்கூட வாசலுக்கு வெளியே வைக்க வேண்டிய வீடு.

"இன்னா பாக்குற? மந்திரம் வாங்கினது அவரு. நானா வாங்கினேன்?"

வஞ்சிரம் வந்தது. கல்லிலிருந்து நேராக, புகையோடு. நம் வீடுகளில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, விருந்தாளி சாப்பிட்டு, அப்புறம் ஆறின சோற்றில் அடிக்குழம்பை ஊற்றிக்கொள்வது நாம்தான். தட்டிலிருந்து ஆவி வந்து முகத்தில் அடிக்க, எழுந்து யாருக்கும் எதுவும் எடுத்து வைக்காமல், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி மதியச் சாப்பாடு சாப்பிட்டது எனக்கு அன்றுதான் முதல் தடவை. உனக்கும் அப்படித்தான் என்று உன் முகமே சொன்னது.

கீழே நெரிசலில் உன் தம்பி தெரிந்தார். ஒரு கையில் புளிச்சோற்றுத் தூக்கு, மற்றொரு கையில் யாருடையதோ பலூன்.

"பாரு, உன் வூட்டுக்காரன் மூணாவது தபா போறான்."

"கூப்பிடட்டா அண்ணி?"

"சாப்பிட்டு முடி. அந்தாண்ட கடல்தான் கீது. எங்க போயிடுவான்?"

வாழ்க்கையில் நான் அப்படிச் சிரித்ததில்லை. மூக்கில் மிளகாய் ஏறிவிட்டது.

இறங்கும்போதுதான் மாட்டிக்கொள்வோமே என்று தோன்றியது. நீ ஒரு பிடி சோம்பை வாயில் போட்டுக்கொண்டாய். வேனை நெருங்கினதும் எந்த அறிவிப்பும் இல்லாமல் ஆரம்பித்தாய்: "இவளத் தேடித் தேடி என் காலே போச்சு! ஒரு வா தண்ணி குடிக்கல நானு!" நானும் விடவில்லை. "யாரு உங்கள தேடச் சொன்னது?" என்று ஊரைக் கூட்டினேன். செங்கல்பட்டு வரும் வரை வேனில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

அதுதான் நாம் செய்த கெட்டிக்காரத்தனம்; அதுவே நாம் செய்த தப்பும். சண்டைக்காரிகள் என்று பெயர் எடுத்துவிட்டால், இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டில் இல்லாமல் போனாலும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். உனக்குத் திருக்கழுக்குன்றத்தில் வேண்டுதல். எனக்கு 'எழுத விஷயம் சேகரிக்கணும்'. வருடத்துக்கு மூன்று தடவை, பதின்மூன்று வருடம், அதே மாடி, அதே மூலை. கீழே உலகமே முட்டி மோதிக்கொண்டு சுற்றிப் பார்க்கும். நாம் மேலே உட்கார்ந்து அந்த உலகத்தைச் சுற்றிப் பார்ப்போம். யார் மருமகள் யாரை முறைக்கிறாள், எந்த மாப்பிள்ளை வெயிலில் மாமியாருக்குக் குடை பிடிக்கிறான் என்பதெல்லாம் நம் பொறுப்பு.

வாரப் பத்திரிகையில் நான் எழுதும் அரைப்பக்கத் தமாஷில் 'என் நாத்தனார்' என்று ஒரு ராட்சசி வருவாளே, அவள் செய்ததில் பாதி நீயே சொல்லிக் கொடுத்தது. "நான் மொளகா பொடில உப்பு போட்டுக் குடுத்தேன்னு எழுது, இன்னும் நல்லா இருக்கும்" என்பாய். எழுதினேன். ஊர் சிரித்தது. உன் மகள் ஒன்று விடாமல் படித்து, ஒவ்வொன்றையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துமா சும்மா இருந்தாய்?

சொல்லிவிடலாம் அண்ணி என்று எத்தனை தடவை கெஞ்சினேன்!

"சொன்னா இன்னா ஆவும் தெரியுமா?" என்றாய். "ரெண்டு பேரும் ஒத்துமையா கீறாங்கன்னு அடுத்த தபா வேன் புடிப்பாங்க. இருபத்திரண்டு பேரும் இந்த மாடிக்கு வருவாங்க. நீயும் நானும் அவங்களுக்குப் பரிமாறிகினு நிப்போம். வோணுமா உனக்கு?"

வேண்டாம் என்றேன். சத்தியம் வாங்கிக்கொண்டாய். அந்தச் சத்தியத்தில் உன் சாவையும் சேர்த்துத்தான் வாங்கினாய் என்று யாருக்குத் தெரியும்?

கடைசி தடவை பாதி மீனை என் தட்டுக்குத் தள்ளினாய். "முள்ளு" என்றாய். வஞ்சிரத்தில் நடு முள்ளைத் தவிர ஏது முள்? எனக்கு அது உறைக்கவில்லை. வயசானா பல்லும் போச்சு, பசியும் போச்சு என்று கிண்டல் செய்துகொண்டே உன் பங்கையும் தின்றேன். அந்த முட்டாள்தனத்துக்கு என்னை நானே அடித்துக்கொள்ளலாம்.

ஒரு மாதத்தில் வயிற்றில் கட்டி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உன் தம்பியோடு நானும் வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உன் மகள். என்னைப் பார்த்ததும் நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இவள யாரு வரச் சொன்னது?" என்றாய்.

நானும் என் பங்கைச் சொன்னேன்: "எனக்கு இன்னா வேண்டுதலா? உங்க தம்பி இழுத்துகினு வந்தாரு."

சொல்லிவிட்டு நின்றேன். நீ திரும்புவாய், மகள் பார்க்காதபோது ஒரு கண்ணைச் சிமிட்டுவாய் என்று நின்றேன். நர்ஸ் வந்தாள், நேரம் ஆகிவிட்டது என்றாள். நீ திரும்பவே இல்லை. நமக்குள் கடைசிப் பேச்சு அதுதான். நீ நடித்தாய் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? காதில் விழுந்தது விழுந்ததுதானே. 'இவ என் சிநேகிதி' என்று உன் மகளிடம் மூன்று வார்த்தை சொல்ல உனக்கு அந்தக் கட்டிலில் மூன்று வாரம் இருந்தது. சொன்னாயா?

சாவு வீட்டில் நான் அழுதேன். முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. உன் ஓரகத்தி பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கட்டும் என்றே, "இன்னா நடிப்பு நடிக்கிறா பாரு" என்றாள். பதின்மூன்று வருடம் நடித்ததை அத்தனை பேரும் நம்பினார்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நடிக்கவில்லை. அன்றைக்கு நடிப்பு என்றார்கள்.

பதினாறாம் நாள், உனக்குப் பிடித்ததை எல்லாம் படைக்கிறேன் என்று உன் மகள் இலை போட்டாள். பூசணிக்காய்க் கூட்டு. முட்டைக்கோஸ். பீர்க்கங்காய்ப் பொரியல். அண்ணி, பூசணிக்காயை 'ஊறிப்போன பஞ்சு' என்று சொன்னவள் நீ. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உங்கம்மாவுக்கு இதெல்லாம் புடிக்கவே புடிக்காது!" என்று கத்திவிட்டேன்.

உன் மகள் நிமிர்ந்தாள். உன் கண் அப்படியே அவளுக்கு.

"எங்கம்மாவ கிண்டல் பண்ணி ஊரையே சிரிக்க வெச்சீங்க. செத்தப்புறமும் விட மாட்டீங்களா அத்த? அவங்களுக்கு இன்னா புடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க, இன்னா புடிக்கும்?"

சொல்லியிருக்கலாம். வஞ்சிரம், கல்லிலிருந்து எடுத்த உடனே, எலுமிச்சை பிழிந்து. அது போதும். அவளுக்கு ஒரு புது அம்மா கிடைத்திருப்பாள். எனக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்து அழ இடம் கிடைத்திருக்கும். ஆனால் மாலை போட்ட உன் படத்துக்கு நேராக உன் வீட்டுக்காரர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்திலா உன் குட்டை உடைப்பேன்?

"எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கும் அவங்களுக்கும்தான் பேச்சே கெடையாதே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மாற்றுச் செருப்போடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தனியாக மாமல்லபுரம் போனேன். அதே கூட்டம். மாடி ஏறினேன். பாய் என்னைப் பார்த்ததும் இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தார்.

"பெரியக்கா பின்னாடி வராங்களா?"

சொன்னேன். இத்தனை வருடத்தில் நம் முன்னால் ஒரு நாளும் உட்காராத அந்த மனுஷன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா தங்கச்சி ஒருத்தர ஒருத்தர் பிரிஞ்சா அது பெரிய கஷ்டம்மா" என்றார். "மனச உட்டுடாதீங்க. சாப்பிட்டுத்தான் போவணும்."

உன் சாவுக்கு என்னிடம் துக்கம் கேட்டது அவர் ஒருவர்தான். அக்கா தங்கச்சி இல்லை என்று நான் திருத்தவில்லை. வஞ்சிரம் வந்தது, சுடச்சுட. உன் மேல் இருந்த ஆத்திரத்தில் முழுவதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டில் இப்போது யாரும் உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. உன் மகள் செல்போனில் வைத்திருந்த உன் படத்தை எடுத்துவிட்டுக் குழந்தை படத்தை வைத்துவிட்டாள். உன்னைத் தங்கம், வைரம் என்று புகழ்ந்தவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டியது தீர்ந்துபோய்விட்டது. நான் உன்னைப் புகழ வாய் திறந்தால் உடனே சந்தேகம் வரும். திட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் திட்டுகிறேன். பருப்பு வேகவில்லையா, நீ. மிக்ஸி அலறுகிறதா, நீ. மழை வந்து துணி நனைந்ததா, அதற்கும் நீதான். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது உன் பேச்சை எடுத்துவிடுகிறேன்.

நேற்று மதியம் உன் தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"செத்துப் போனவ. அவ மேல இன்னும் இன்னாடி கோவம் உனக்கு?"

"கீது."

"எத்தினி நாளைக்குத்தான்?"

"நான் கீற வரைக்கும்" என்றேன்.