ஹெலன்ஸ்பர்க் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஜெபம்

என் அன்புத் தங்கச்சி கிரேஸ்,

நீ ஆண்டவரிடம் போனபின் வரும் முதல் லெந்து நோன்புக் காலம் இது. நம் தமிழ் ஆராதனையை மாதத்தில் ஒரு நாளாகக் குறைத்த ஆலயக் குழுவோடு எனக்கு இன்னும் பேச்சில்லை. முகத்தைச் சுளிக்காதே.

போன ஞாயிறு போதகர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "போன வருசத்தைவிட இந்த வருசம் உங்கட விசுவாசம் வளர்ந்திருக்கோ?" நான் யாரிடமும் பாடம் கேட்காமல் தனியே இருந்து வேதம் படித்தவன். ஜெபம் தவறாதவன். கையைத் தூக்க நினைத்தேன், எழும்பவில்லை. படித்தது கூடியிருக்கிறது. வளர்ந்தது எது?

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டு இராசம்மா பூக்கூடையோடு வாசலில் நின்றார். கூட்டிப்போக வேண்டிய மகனை வேலைக்கு அழைத்துவிட்டார்களாம். நீ இருந்தவரை அவரை ஹெலன்ஸ்பர்க் இந்துக் கோயிலுக்கு ஏற்றிப் போனவள் நீதானே? "கிறிஸ்தவளுக்குக் கோயில் வாசலில் என்ன வேலை?" என்று அன்று கேட்டேன். அந்தக் கேள்வியை இன்றும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் கார்ச் சாவியை எடுத்தேன்.

"அண்ணை, காரை மெல்ல ஓடுங்கோ. கோயிலுக்குத்தான் போறம், மோட்சத்துக்கில்லை."

"நான் உள்ளுக்கு வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"ஆர் கூப்பிட்டது? கிரேசும் ஒருநாளும் வரேல்லை. காருக்குள்ளதான் இருந்தவ."

பூசை முடிந்து வந்து காரில் ஏறியவர், பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "நான் திரும்பி வரேக்குள்ள அவ கண்ணை மூடிக்கொண்டிருப்பா. உங்கட ஆண்டவரிட்ட இங்க இருந்து என்ன கேக்கிறியள் எண்டு ஒருநாள் கேட்டனான். 'உங்கட முழங்கால் சுகமாகவேணும், எங்கட அண்ணையின்ர கோவம் ஆறவேணும்' எண்டா."

நான் காரைக் கிளப்பினேன்.

"முழங்கால் பரவாயில்லை அண்ணை," என்றார் இராசம்மா.

வீடு வரும்வரை மெதுவாகவே ஓட்டினேன்.

வேதத்தில் எந்தப் புத்தகம் எங்கே என்று உனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. வசனம் தேட என்னைத்தான் கேட்பாய். ஆனால் இன்னொருவர் கும்பிடும் இடத்தின் வாசலில் இருந்துகொண்டு, உன் ஆண்டவரை நீ விட்டுக்கொடுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. எனக்கு அது வராது. என் விசுவாசத்தைச் சண்டை பிடித்துக் காக்கத்தான் எனக்குத் தெரியும். நீ எங்கே பழகினாய், பிள்ளை? ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம்?

குழு செய்தது பிழைதான். அதை அவர்களிடம் நேரே சொல்லப்போகிறேன். சொல்வதென்றால் முதலில் பேச வேண்டுமே. வரும் ஞாயிறு பேசுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் இராசம்மாவை நானே ஏற்றிப் போவேன். கோயிலுக்குள் போகமாட்டேன். காரில் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். முழங்காலுக்கு முதலில் கேட்கிறேன். மற்றதை, நீ விட்ட இடத்திலிருந்து.

நீ கடைசிவரை கைவிடாத,
உன் அண்ணை