குப்பை என்று கொளுத்திய உமி

கப்பல்துறை
14.08.1974

அன்புள்ள அக்காவுக்கு,

மாதாவின் துணையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முழங்கால் நோவு தணிந்ததா?

விறகும் மண்ணெண்ணெயும் இல்லாததால், நான் மேற்றனாக இருந்து பார்க்கும் பிள்ளைகள் விடுதியின் குசினியில் உமியால்தான் சமைக்கிறேன். தகர வாளியின் நடுவே போத்தலை நிறுத்தி, சுற்றிவர உமியை இறுக்கி, போத்தலை உருவிவிட்டு மூட்டினால் முப்பது பிள்ளைகளுக்குச் சோறு வேகும். பக்கத்து நெல் ஆலையின் உமியை எங்களுக்கே ஒதுக்குவதா என்று பார்க்க நேற்று ஓர் அதிகாரி வந்தார். அவரோடு ஆலைக்குப் போனால் வெறும் சாம்பல்தான் கிடந்தது.

"பெரிய ஆள் வாறார் எண்டு குப்பையெல்லாம் கொளுத்தித் துப்புரவாக்கினனான், மேற்றன்," என்று இளித்தார் ஆலைக்கார இராசநாயகம்.

"அவர் வந்ததே அந்தக் குப்பையைப் பாக்கத்தான்," என்றேன்.

ஒரு பருக்கை சோறு சிந்தினாலும் முழங்காலில் நிறுத்திய நம் கொன்வென்ற் சிஸ்டர்மார் இவரைக் கண்டிருக்க வேண்டும்.

அதிகாரி புறப்பட எழுந்தார். நான் விடவில்லை. விடுதிக் குசினிக்கு அழைத்துப்போய், முட்டை அடுக்கிய பெட்டியிலிருந்த உமியைப் பால்மா டின்னில் இறுக்கி மூட்டி, அவருக்கே ஒரு முட்டை அவித்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, ஆலை உமியை எங்களுக்கே ஒதுக்கிக் கையெழுத்து வைத்தார். எனக்குத்தான் கோபம் இன்னும் ஆறவில்லை. இன்று ஓங்கி வைத்ததில் வாளியில் நிறுத்தும் போத்தலும் உடைந்துவிட்டது.

அங்கே அலுமாரியில் என் வீட்டுக்காரர் கடைசியாகப் பூசிய தலையெண்ணெய்ப் போத்தல் இருக்கிறது. யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். கழுவ வேண்டாம், அவர் வாசம் ஒட்டியிருக்கட்டும்.

தபால்காரர் படலையில் நிற்கிறார்.

தங்கை,
பிலோமினா