தங்கச்சியின் கன்னத்துத் தழும்பு

12.6.1996, புதன். அரியலூர்.

போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய தங்கச்சி படத்தை ஸ்டுடியோ இருட்டறையில் நானேதான் பிரிண்ட் போட்டேன். சாதாரண பேப்பரில் மங்கலாக வந்தது. எடுப்பாக இருக்கட்டுமே என்று, கறுப்பையும் வெளுப்பையும் கூட்டிக் காட்டும் ஹார்டு பேப்பரில் போட்டேன். முடி கன்னங்கரேல். வெளிச்சம் விழுந்த கன்னம் ஒரேயடியாக வெளுத்து, தீத்தழும்பே காணாமல் போய்விட்டது. மறைக்கணும் என்று செய்யவில்லை. செய்தேனோ?

இன்றைக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். படம் பிடித்துப்போச்சாம், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது போய் தழும்பைச் சொல்வதா, சும்மா இருப்பதா? தெரியவில்லை.

தங்கச்சி மட்டும் என்னிடமிருந்த இன்னொரு பிரிண்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "ஏண்ணே, அவங்க இந்தப் பொண்ணத்தானே பாக்க வராங்க? அன்னிக்கி நான் எங்க போயி இருக்கட்டும்?"