நாற்பது கிலோமீட்டரும் ஒரு பரிவட்டமும்

கரவனெல்ல,
09.02.2003

தம்பி ராமச்சந்திரனுக்கு,

உன் அண்ணன் முத்துவீரன் எழுதும் இந்தக் கடிதம் உன்னை நல்ல உடம்போடு காணவேண்டும். இங்கே ரப்பர் மரங்கள் இலை கொட்டி நிற்கின்றன. பால் குறைவு, வேலையும் குறைவு. உன் அண்ணிக்கு மூட்டுவலி. மற்றபடி எல்லோரும் இருக்கிறோம்.

துபாயில் உன்னோடு அதே குதிரை லாயத்தில் சாணி அள்ளுகிற நம் தோட்டத்துக் கீழ் லயத்து வீட்டு டெனிஸ்டன் லீவில் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நீ குதிரைமேல் இருக்கிற போட்டோவை ஒரு வீடு விடாமல் காட்டினான். கழுத்தில் மெடல். முதலாளியின் குதிரையில் மணலில் நாற்பது கிலோமீட்டர் போனாயாம். அதற்குப் பெயர் எண்டியூரன்ஸ், நெடுந்தூர ஓட்டமாம். கோயில் தலைவர் கன்னையா அந்தப் போட்டோவை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரியும்.

தைத் திருவிழாவில் அம்மன் குதிரை வாகனத்தில் வரும் நாளில் கடிவாளம் பிடிப்பவன் நான். தோட்டத்துப் பெரிய தொரைக்குக் குதிரைக்காரனாக இருந்தவன் என்பதால் முதல் பரிவட்டம் எனக்குத்தான் கட்டுவார்கள். இந்த முறை உன் மகள் ஷாமிளாவைக் கூப்பிட்டு, அவள் கையில் இருந்த உன் போட்டோவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கண்ணாடிச் சட்டத்தில் துணி நிற்கவில்லை, இரண்டு தடவை வழுக்கி விழுந்தது. மூன்றாவது தடவை கன்னையா பின்பக்கம் முடிச்சுப் போட்டார். நான் கேட்டதற்கு, "முத்துவீரண்ணே, கோச்சிக்காதீங்க. நீங்க புடிக்கிறது மரக்குதிர. தம்பி ஏறுனது நெசக்குதிர" என்றார். கோயிலே சிரித்தது. உன் அண்ணியும் சிரித்தாள்.

நான் ஏறியது என்ன? தொரை ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் காரில் போவார். அவருடைய குதிரையைக் கினிகத்தேனை, அட்டன் வழியாக மலையேற்றிக் கொண்டுபோய் விட்டவன் யார்? எனக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடியும் உதையும் வாங்கி நானே பழகினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் தொரை குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு மெடலும் இல்லை, போட்டோவும் இல்லை.

இதை டெனிஸ்டனிடம் சொன்னேன். "மாமா, நீங்க பாதித் தூரம் கயித்தப் புடிச்சி நடந்துதானே போனீங்க?" என்று கேட்டான். செங்குத்தான ஏற்றத்தில் வாயில்லாச் சீவன்மேல் உட்கார்ந்து போக நான் என்ன தோட்டத்துக் கண்டக்டர் ஐயாவா? உங்கள் துபாயில் இறங்கி நடந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன். "நடந்தாலும் கணக்குத்தான். கடைசியில டொக்டர் குதிரையோட நெஞ்சுத் துடிப்பப் பாப்பாரு, நொண்டுதான்னு பாப்பாரு. நல்லா இருந்தாத்தான் முடிச்ச மாதிரி" என்றான். என் குதிரை மேலே போன மறுநாளே புல்வெளியில் துள்ளியது. அப்படியானால் நானும் அந்தச் சேர்த்திதானே என்றேன். "சேர்த்திதான் மாமா. அப்ப அவரு நாப்பதும் சேர்த்திதானே?" என்றான்.

அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிருந்து கேகாலைக்குப் போய்ச் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினால் நாற்பது வந்துவிடும். அடையாள அட்டைக்காக அங்கே கச்சேரி ஆபீசுக்கு அலைகிறவன் எல்லாம் மெடல் போட வேண்டியதுதான். வெயில் என்றான், மணல் என்றான். இருக்கட்டும். நாற்பதில் குதிரைக்கும் ஆளுக்கும் இன்னும் சிநேகம் இருக்கும். ஒன்றையொன்று வெறுத்துப்போன பிறகும் சேர்ந்து போகவேண்டும். தாங்குவது என்றால் அதுதான். அந்த இடம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டு நெடுந்தூரம் என்று பேர் வைத்தால், மலையேறியவன் எந்தப் பேரை வைத்துக்கொள்வது?

இதைத்தான் போன ஞாயிறு கொமினிகேஷன் கடையில் இருந்து போனில் உன்னிடமும் சொன்னேன். "நாப்பதுக்கு மேல போக ஒனக்கு முதுகு இருக்காடா?" என்று கேட்டேன். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ போனை வைத்துவிட்டாய்.

நேற்று ஷாமிளா வந்தாள். வாசலிலேயே நின்றாள். "பெரியப்பா, அப்பா அடுத்த மாசம் எம்பதுக்குப் பேர் குடுத்துட்டாரு. பெரியப்பாகிட்ட மறக்காம சொல்லிருன்னாரு" என்றாள். நல்லது, போகட்டும் என்றேன். அவள் போகவில்லை. "டெனிஸ்டன் மாமாவக் கேளுங்க" என்று சொல்லி அழுதாள்.

டெனிஸ்டனைப் பிடித்து உலுக்கிக் கேட்டபின்தான் சொன்னான். நாற்பது முடிந்ததும் உன்னை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்களாம். முன்பு இங்கே தோட்டத்து ட்ரக்டர் புரண்டபோது உடைந்த அதே இடுப்பு வீங்கி, ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாயாம். இனிக் குதிரை ஏறவே கூடாது என்று அங்குள்ள டொக்டர் சொன்னாராம். மெடலைப் போட்டு மறுபடி ஏற்றிப் போட்டோ எடுக்கும்போது, குதிரைக்கு மறுபக்கம் ஒருவன் மறைந்து நின்று உன்னைத் தாங்கிக்கொண்டிருந்தானாம்.

எனக்குப் பொறாமை என்று லயத்தில் பேசுகிறார்கள். பேசட்டும். பொறாமைதான். அப்படி ஒரு குதிரையும், கண்ணுக்கு எட்டிய மட்டும் தடையில்லாத நிலமும் எனக்குக் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. ஆனால் அது என் பாடு. அதற்காக நீ இடுப்பை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எண்பதுக்குக் கொடுத்த பேரை எடுத்துவிடு. முதலாளியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஊரில் அண்ணனுக்குச் சுகமில்லை என்று சொல். நான் அதைப் பொய்யாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நாற்பது ஓட்டமில்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். அதை மாற்றி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. ஓட்டம்தான் என்று நீ நினைத்தால், சித்திரையில் லீவு எடுத்துக்கொண்டு வா. அவிசாவளை பஸ்ஸிலிருந்து உன் இரண்டு காலாலும் இறங்கி நடந்து வந்து, என் முகத்துக்கு நேரே சொல். நான் மறுப்பேன். நீ மறுபடியும் சொல். எத்தனை வருஷமானாலும் சொல்லிக்கொண்டே இரு.

மாரியாத்தா உன் எலும்பையும் அந்தக் குதிரையின் கால்களையும் காக்கட்டும். இது கையில் கிடைத்த அன்றைக்கே ஷாமிளாவுக்குப் போன் எடு.

உன் அண்ணன்,
முத்துவீரன்