கிளி மார்க் சுங்கடி

மச்சானுக்கு,

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கைக்கு உடம்பு சரியில்லை. கஞ்சிகூட இறங்குவதில்லை. ஆனாலும் ஊர்ப் பேச்சு மட்டும் ஓயவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி நீங்கள் மதுரையில் எடுத்துக்கொடுப்பீர்களாமே, அந்தக் கிளி மார்க் சுங்கடிச் சேலையையே கேட்டுக்கொண்டிருந்தாள். மொகல் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். வேறு மார்க்கை விரித்துப் போட்டு, "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்றார்கள். கடைசியில் ஒரு மரைக்காயர் கடையில், கிளிப்படம் ஒட்டிய அரக்குச் சேலை கிடைத்தது.

சந்தோஷப்படட்டுமே என்று, "ஒங்கண்ணன் அனுப்பிருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் புள்ளிகளைத் தடவினாள். கிளிப்படத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான் கப்பலேறுனதுல இருந்து ஒரு வார்த்தை எழுதாத அண்ணன் இப்பச் சீலை அனுப்புதுன்னா, இது நான் செத்தா எம்மேல போத்துற பொறந்த வீட்டுக் கோடியா? எனக்கு அம்புட்டு முத்திப்போச்சா?"

அன்றிலிருந்து மருந்தையும் துப்புகிறாள். நான்தான் வாங்கினேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கிளி மார்க் ரங்கூனில் ஏது என்கிறாள்.

அவளைக் கூட்டிவந்ததற்கு என் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும் மச்சான். காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். தீபாவளி நெருங்குகிறதல்லவா, "தீபாவளிச் சீலை, உடுத்திக்க தாயி" என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதி, அடுத்த கப்பலிலேயே போடுங்கள்.

அதோடு, வருகிற வருஷத்துக்கு என்ன நிறம் வேண்டும் என்றும் அவளிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்