திருமணமாகாதவர்

என் வீட்டுக்காரிக்கு,

குடியுரிமைத் தேர்வில் பாஸாகிவிட்டேன். சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின்மேல் கேள்விகளை ஒட்டிவைத்துப் படித்தது வீண்போகவில்லை. சட்டம் இயற்றுவது யார், ஓட்டுப் போடும் வயது என்ன, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அதிகாரி அம்மா என் கோப்பைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "ஒன்பது வருஷமா தனியாவே இருக்கீங்களே! ஊருக்குப் போய் ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டு வாங்க. மனைவிக்கு விசா கிடைக்கும்." நானும் பல்லைக் காட்டினேன்.

இத்தனை நாள் உன்னிடம் மென்று விழுங்கியது இதைத்தான். முதல் விண்ணப்பத்தில் 'திருமணமாகாதவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். "தனி ஆளுன்னா சீக்கிரம் கிடைக்கும்" என்றார் ஏஜென்ட். இப்போது திருத்தினால் பொய்யன் என்று துரத்திவிடுவார்கள். வெள்ளிக்கிழமை, எழுதியதெல்லாம் உண்மை என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்ய வேண்டும்.

அதன்பிறகு வந்து உன்னையே இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாமாம். அதுவும் ஏஜென்ட் யோசனைதான். கோபித்துக்கொள்ளாதே, புதுப்புடவை எடுத்துத் தருகிறேன்.

ஆனால் நேற்று போனில் நம் மகள் கேட்டாள். "அப்பா, ஃபார்ம்ல என் பேரை எங்க எழுதினீங்க?"

பத்து வயதுப் பிள்ளை. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வரைக்குமாவது,
உன் கணவன்