இருவாச்சி வந்த மதியங்கள்

இன்று ஆபீஸ் முற்றத்தில் நம் கூடாரத்தை வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்கள். பூஞ்சையும் விறகுப் புகையும் கலந்த அந்த வாடை மாடி வரை வந்தது. நீர் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. இப்போதாவது அழுகை வருமோ என்று ஜன்னலருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. திரும்பி வந்து, காய்ந்த செடிகளுக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டினேன்.

போன வருஷ மழைக்காலம். சுதந்திரம் வந்த பின் ஆபீசுக்குக் கிடைத்தது, பட்டாளம் கழித்துப்போட்ட ஒரு ஜீப். அதை ஓட்ட நீர், செடி சேகரிக்க நான். குடகு எல்லையில், வேட்டை கூடாது என்று அரசாங்கம் காத்துவைத்த மழைக்காடு. முன்பு வேட்டைக்கு வந்தவர்கள் முகாம் போட்ட ஓடைக்கரைத் திடலில் நம் ஒரே கூடாரம். ஆள் சத்தமே கிடையாது. மழை மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

நான் மேலுகோட்டை ஐயங்கார். பிறர் கண் படச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் ஆத்து ஆசாரம். முதல் நாள், நானே வடித்த சாதத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். தட்டில் ரசத்தைவிட மழை அதிகமாகிவிட்டது. கௌதள்ளி கிராமத்துக்காரரான உமக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நான் பாத்தாத் தோசமுன்னா, மழை பாத்தாத் தோசமில்லீங்களா சாமி?"

வழியையும் நீரே சொன்னீர். கூடாரத்துக்குள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றீர். நான் வாசலைப் பார்த்து, நீர் துணிச் சுவரைப் பார்த்து. எனக்கு ரசம் சாதம், உமக்கு ராகிக் களி. உம் மனைவி தவறியது, மகளை அக்கா வீட்டில் விட்டிருப்பது எல்லாவற்றையும் நீர் அந்தத் துணியிடம்தான் சொன்னீர். நான் மழையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டேன்.

ஓடைக்கு அக்கரையில் அத்தி பழுத்திருந்தது. நாம் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து அதற்கு ஒரு இருவாச்சி வரும். சிறகுச் சத்தம் கேட்டதும் உம் முதுகு நிமிர்வது எனக்குத் தெரியும். அந்தப் பறவையை நீர் கண்டதே இல்லை. பார்த்துவந்து சொல்கிறேன் என்று மகளிடம் வேறு வாக்குக் கொடுத்திருந்தீர். ஆனாலும் திரும்பமாட்டீர், திரும்பினால் என் தட்டில் கண் பட்டுவிடும். "எப்படி இருக்குது, சொல்லுங்க சாமி" என்பீர். மஞ்சள் மூக்கு, அதன் மேல் இன்னொரு மூக்கைக் கவிழ்த்தது போல, சிறகை விரித்தால் பெருமாள் கருட வாகனத்தில் எழுந்தருளுகிற மாதிரி என்று கவளத்துக்குக் கவளம் வர்ணித்தேன்.

கடைசி நாள் அது வெகு நேரம் இருந்தது.

"சாமி, ஒரே ஒருவாட்டி திரும்பிப் பாத்துக்கட்டுங்களா?"

"கொஞ்சம் இரும். இன்னும் ரெண்டு கவளம்தான்" என்றேன்.

நான் கை கழுவுவதற்குள் சிறகுச் சத்தம் மலைப்பக்கம் போய்விட்டது. "போயிருச்சுங்களா" என்றதோடு சரி, நீர் பாத்திரம் கழுவ எழுந்துவிட்டீர். தட்டைத் துண்டால் மூடியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை என்று எனக்கே சொல்லி வந்தேன். தோன்றியது. அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் உமக்குக் காய்ச்சல் கண்டது.

காரியத்துக்குக் கௌதள்ளி வந்தேன். உம் மகள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். பத்து வயதிருக்கும்.

"எங்கப்பா இருவாச்சியப் பாத்திருக்குதுங்க. றெக்கைய விரிச்சா, பெருமாள் கருட வாகனத்துல வர்ற மாதிரி இருந்துச்சுன்னு சொல்லுச்சு. நெசந்தானுங்களா?"

வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது. ஆமாம், நானும் பக்கத்தில்தான் இருந்தேன் என்றேன். அவள் சந்தோஷமாக உள்ளே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த நாற்பது நாளில் நான் உணர்ந்தது அது ஒன்றைத்தான்.

அங்கிருந்து வந்தது முதல், சாப்பாட்டில் கடைசி இரண்டு கவளம் தட்டிலேயே நின்றுவிடுகிறது. உப்புக் குறைவா என்று என் ஆத்துக்காரி தினமும் கேட்கிறாள். உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.